ஒன்பதாம் பக்கத்து ஓட்டை

தீ அபாய மணி அலறியபோது இந்த்ரெக் ஓர் ஓட்டையை முறைத்துக்கொண்டிருந்தான். கூரையில் இல்லை, காலுறையில் இல்லை. அவனுடைய கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தில்.

"எல்லாரும் வெளியே வாங்க" என்று யாரோ ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். இந்த்ரெக் குளிர்கோட்டை அறையிலேயே போட்டுவிட்டு மடிக்கணினியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினான்.

அவர்கள் தங்கியிருந்த ஏரிக்கரை மாளிகைக்கு வெளியே மார்ச் மாதப் பனி முழங்கால் வரை கிடந்தது. ஏரி உறைந்து கிடந்தது. சமையலறையில் கறுப்பு ரொட்டியை யாரோ கருக்கிவிட்டார்களாம். வேறு கூட்டமாயிருந்தால் குளிரில் முணுமுணுத்திருப்பார்கள். இது ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் கணித அடிப்படைகளைப் பேசுவதற்காக வருஷா வருஷம் எஸ்தோனியாவில் கூடுகிற கூட்டம். புரோகிராமைச் சமன்பாடு மாதிரி எழுத வேண்டும், எழுதினால் மட்டும் போதாது, சரி என்று நிரூபிக்கவும் வேண்டும் என்கிற ஜாதி. ராத்திரி சாப்பாட்டில் பாதியில் விட்ட சண்டையை வாசலில் தொடர்ந்தார்கள். ஸ்வீடன்காரி ஹில்லெவி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியிலேயே விரலால் அம்புக்குறிகள் போட ஆரம்பித்தாள். அவளைச் சுற்றி ஒரு வட்டம் கூடிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்து அந்த அம்புக்குறிகள் மேல் ஏறி நின்றபோதுதான் அவர்களுக்குத் தீயின் ஞாபகமே வந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்று வந்தான் தீத். இந்த்ரெக்கின் சக ஆராய்ச்சியாளன். கூட்டத்தின் நேர அட்டவணை அவன் பொறுப்பு.

"ஒன்பதாம் பக்கம் போச்சுடா."

"எங்க போச்சு?"

"லாமண்ட் விதிப்படி ஒரு புரோகிராமை எடுத்துட்டு அதுக்குச் சமமா இன்னொண்ணைப் போட்டேன் இல்ல? சும்மா இருக்க முடியாம காலையில ரெண்டுக்கும் ஒரு முடிவில்லாத பட்டியலைக் குடுத்துப் பார்த்தேன். ஒண்ணு டக்குனு பதில் சொல்லுது. இன்னொண்ணு சுத்திக்கிட்டே இருக்கு. இப்பவும் சுத்துது, தொட்டுப் பாரு."

தீத் மடிக்கணினியைத் தொட்டுப் பார்த்தான். அந்தப் பனியில் சூடாக இருந்த ஒரே பொருள் அதுதான். கையை எடுக்க மனமில்லாமல் அங்கேயே வைத்துக்கொண்டான்.

"விதி தப்பா இருக்குமோ?"

"உளறாதே. அதைப் படிச்சுதான் நீயும் நானும் பாஸ் பண்ணோம். ஊரே முப்பது வருஷமா உபயோகிக்குது. நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். மத்தியானம் அந்த ஆள் முன்வரிசையில உக்காந்து ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. முடிஞ்சுது கதை."

அந்த ஆள் என்றால் பேராசிரியர் மர்டோ லாமண்ட். விதியைக் கண்டுபிடித்தவர். ஸ்காட்லாந்திலிருந்து மனைவி எஃபியோடு வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குவார். பேச்சு முடிந்ததும் ஒரு கண்ணைத் திறந்து ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பிறகு பேசியவரை அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த்ரெக்கின் ஒப்பந்தம் கோடையோடு முடிகிறது. பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு நிரந்தர விரிவுரையாளர் இடம். இன்றைய பேச்சைக் கேட்டுத்தான் முடிவு என்று துறைத் தலைவர் ஊர்மாஸ் சொல்லிவிட்டார். தேர்வுக் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும், அது லாமண்ட். கட்டுரையும் அவர் கைக்குப் போயாகிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால் மச்சானின் பால் பண்ணை. மச்சான் இவனுக்கென்று நாற்காலியே வாங்கிப் போட்டுப் படமும் அனுப்பிவிட்டான்.

இந்த்ரெக் நிமிர்ந்தான். தேவதாரு மரத்துக்குப் பின்னாலிருந்து லாமண்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சுட்டாருடா."

"பேச்சு முடியற வரைக்கும் அவர் கண்ணுலயே படாதே. மாடி நூலகத்துக்குப் போ. அங்க ஈ காக்கா வராது."

நூலகத்தில் ஜன்னலோரம் யாரோ செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார்கள். இந்த்ரெக் ஓசைப்படாமல் நாற்காலியை இழுத்தான். செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது. லாமண்ட்.

அது எஸ்தோனிய மொழிச் செய்தித்தாள். அவருக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது.

"ஓ, இந்த்ரெக்" என்றார். "மத்தியானம் பேசறீங்க, இல்லையா?"

"ஆமா, ப்ரொஃபஸர்."

"ஒன்பதாம் பக்கத்தைப் பத்தியும் பேசுவீங்களோ?"

எத்தனையோ பக்கம் இருக்க, குறி பார்த்து ஒன்பதை எடுக்கிறாரே மனுஷன். பயத்தைக் காட்டினால் கெட்டது என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"அதைத்தான் விரிவா பேசப் போறேன், ப்ரொஃபஸர்."

லாமண்ட் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "விரிவாவா... ரொம்ப நல்லது" என்றார். குரல் கரகரத்தது. வேட்டைக்கு முன்னால் வருகிற கரகரப்பு என்று இந்த்ரெக்குக்குத் தோன்றியது. படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.

இனி ஒளிய ஒரே இடம்தான் பாக்கி. ஏரிக்கரையில் மரத்தாலான சானா, அதாவது நீராவிக் குளியல் அறை. சாயங்காலம்தான் ஆள் வரும், ஆனால் காலையிலேயே அடுப்பை மூட்டிவிடுவார்கள். இந்த்ரெக் துணிகளைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போய் ஆவியில் உட்கார்ந்தான். சூடான கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டான். உஸ்ஸென்று எழுந்த ஆவிக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது.

மேல் பலகையில், மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, வேகவைத்த இறால் நிறத்தில் லாமண்ட்.

இந்த்ரெக்கால் எழுந்து போக முடியவில்லை. பிறந்த எஸ்தோனிய மண் அப்படி. வெளிநாட்டு விருந்தாளிக்கு முன்னால் சூடு தாங்காமல் ஓடினான் என்று பேர் வந்தால் பால் பண்ணையில்கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். லாமண்டும் எழுந்திருக்கவில்லை. அவர் வாசலுக்குப் போக வேண்டுமானால் இவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அந்த விதி இருக்கே" என்றார் கடைசியில், மூச்சு வாங்க. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. மேடையில அதுக்கெல்லாம் நேரத்தை வீணாக்கணுமா என்ன?"

பொறி வைக்கிறார் என்று நினைத்தான் இந்த்ரெக். விட்டுவிட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பார்.

"இல்ல, ப்ரொஃபஸர். ஒவ்வொரு படியா கரும்பலகையில போட்டே காட்டிடறேன்."

மரியாதைக்கு இன்னொரு கரண்டித் தண்ணீரும் கல்லில் விட்டான்.

லாமண்ட் பலகையிலிருந்து குதித்தார். அவன் தலைக்கு மேலேயே தாண்டினாரோ என்னவோ, கதவு படாரென்று திறந்தது. ஏரியில் பனிக்கட்டியை வெட்டி வைத்திருந்த குழியை நோக்கி அவர் ஓட, இந்த்ரெக் பதறிப் போனான். பழக்கமில்லாத ஆளைத் தனியே பனிக்குழியில் இறங்க விடக் கூடாது என்பது சானாவின் முதல் பாடம். உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல் அவனும் பின்னால் ஓடினான்.

"நில்லுங்க, ப்ரொஃபஸர்."

அவர் இன்னும் வேகமாக ஓடினார்.

சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னல்கள் எல்லாம் ஏரியைப் பார்த்தவை. காபிக்காக உள்ளே கூடியிருந்த மொத்தக் கூட்டமும் கோப்பையும் கையுமாக ஜன்னலுக்கு வந்தது. வெகுகாலமாகக் கூட்டத்துக்கு வருகிறவர்கள்கூட இத்தனை உற்சாகத்தைப் பார்த்ததில்லை என்றார்கள்.

தலை துவட்டிக்கொண்டு உள்ளே வந்தவனை ஊர்மாஸ் ஓரங்கட்டினார்.

"ஏம்ப்பா, தேர்வுக் குழு ஆளை ஏரி வரைக்கும் துரத்துறதுதான் இப்ப புதுப் பழக்கமா?"

"துரத்தலை, ஊர்மாஸ். காப்பாத்தப் போனேன்."

"பார்த்தா அப்படித் தெரியலை. அவர் 'காப்பாத்துங்க'ன்னு கத்தினது உன்னைப் பார்த்துத்தான்."

தீத்தைத் தேடிப் பிடித்தான் இந்த்ரெக். "டேய், என்னை மத்தியானத்துலேருந்து தூக்கி இப்பவே போடு. நனைஞ்ச மனுஷன் அறைக்குப் போய்ப் போர்த்திட்டுப் படுத்திருப்பாரு. அவர் வர்றதுக்குள்ள பேசி முடிச்சுடறேன்."

தீத் அட்டவணையில் இரண்டு பெயர்களை இடம் மாற்றினான். அதை அரங்கக் கதவில் ஒட்டிவிட்டு வந்து தலையைச் சொறிந்தான்.

"ஒரு சின்ன விஷயம். இந்த அமர்வுக்குத் தலைமை லாமண்ட்தான். மத்தியானம் வேண்டாம், காலையிலேயே குடுங்கன்னு காபி நேரத்துக்கு முன்னாடி அவரா வந்து கேட்டு வாங்கிக்கிட்டாரு."

இந்த்ரெக் சுவரில் சாய்ந்தான். தலைமை தாங்குகிறவர் தூங்க முடியாது. யாரும் கேள்வி கேட்காவிட்டால் தலைவர் கேட்டே ஆக வேண்டும் என்பது இந்தக் கூட்டத்தின் மரபு.

"திரும்ப மாத்துடா."

"கதவுல ஒட்டியாச்சுடா."

அரங்கம் நிரம்பி வழிந்தது. ஏரிக் காட்சிக்குப் பிறகு அடுத்தது என்ன என்று பார்க்க யாருமே பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். தலைவர் நாற்காலியில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த லாமண்ட், அட்டவணையில் இவன் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

இந்த்ரெக் பேசினான். முதல் எட்டுப் பக்கமும் வெண்ணெய் மாதிரி போயிற்று. ஒன்பதாவது திரையில் வந்ததும் லாமண்ட் 'நேரம் முடிந்தது' என்கிற அட்டையை உயர்த்தினார்.

"இன்னும் பாதி நேரம் இருக்கே" என்று பின்னாலிருந்து ஹில்லெவி குரல் கொடுத்தாள்.

லாமண்ட் அட்டையை இறக்கினார். இந்த்ரெக் அவரைப் பார்த்தான். அவர் இவனைப் பார்த்தார். இனிமேல் தாங்காது என்று ஆகிவிட்டது இவனுக்கு. கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தான்.

"மன்னிச்சுக்குங்க. இந்த இடத்துல நான் லாமண்ட் விதியைப் போட்டிருக்கேன். ஆனா முடிவில்லாத பட்டியல் குடுத்தா ரெண்டு பக்கமும் சமமா வரலை. என் தப்பு எங்க இருக்குன்னு காலையிலேருந்து தேடறேன், கிடைக்கலை. உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

ஊர்மாஸ் கண்ணை மூடிக்கொண்டார். பால் பண்ணை நாற்காலி இந்த்ரெக்கின் மனசில் மெல்லச் சுழன்றது.

ஹில்லெவி எழுந்தாள். "அந்தப் பட்டியலை எழுதிக் காட்டுங்க."

எழுதினான். அவள் மேடைக்கே வந்துவிட்டாள். சாக்பீஸைப் பிடுங்கி ஒரு வரி போட்டாள், இன்னொரு வரி போட்டாள், நின்றாள். திரும்பியபோது அவள் முகம் லாட்டரி விழுந்தவள் முகம் மாதிரி இருந்தது.

"தப்பு உங்களுது இல்ல. விதியே தப்பு."

அதற்குப் பிறகு நடந்ததைக் கூட்டம் என்று சொல்ல முடியாது, திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு விதி நிரூபிக்கப்பட்டால் கைதட்டுகிற ஜனம், ஒரு விதி உடைந்தால் நாற்காலி மேல் ஏறும். கரும்பலகை போதாமல் ஜன்னல் கண்ணாடியில் எழுதினார்கள். மீன் சூப் ஆறுகிறது என்று சமையல்காரர்கள் மூன்று தடவை வந்து கூப்பிட்டுவிட்டுக் கடைசியில் தாங்களும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "முடிவுள்ள பட்டியல்னு ஒரு நிபந்தனை சேர்த்தா போதும்" என்றார் ஒருவர். "போதாது, நடுவுல எங்கயாவது ஓயாத கணக்கு இருந்தா?" என்று இன்னொருவர் பாய்ந்தார். இந்த்ரெக்குக்கு அந்த நொடியில்தான் பளிச்சென்று பட்டது. சின்னதாக ஒரு நிபந்தனை. எழுதினான். ஒன்பதாம் பக்கத்து ஓட்டை மூடிக்கொண்டது. கூடவே விதியும் நிமிர்ந்து நின்றது. யாரோ அவனைத் தோளில் தூக்கினார்கள். தீத்தாகத்தான் இருக்க வேண்டும், பாதியில் கீழே போட்டுவிட்டான்.

ஊர்மாஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "இடம் உனக்குத்தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா குழுவுல லாமண்டோட சம்மதம் வேணும். நீ இப்ப உடைச்சது அவரோட விதி."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் நாற்காலி காலியாக இருந்தது.

"போ. கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணு."

இந்த்ரெக் மாடிக்கு ஓடினான். லாமண்டின் அறைக் கதவைத் தட்டினான். உள்ளே ஏதோ கனமான சாமான் நகர்ந்தது. அலமாரிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு எஃபி கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இடைவெளியில் நின்றுகொண்டாள்.

"அம்மா, ப்ரொஃபஸரைப் பார்க்கணும். நான் வேணும்னு செய்யலை. அவர் காலையிலேருந்து என்னைத் துரத்தினதுல பயந்துபோய்த்தான் எல்லாத்தையும் உளறிட்டேன். என் வேலை அவர் கையில இருக்கு."

எஃபி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பின்னாலிருந்த அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உன் வேலைக்கு அவர் நேத்தே சரின்னு எழுதிப் பெட்டியில வெச்சுட்டாருப்பா, அந்த விதிக்கு நிரூபணமே எழுதலைன்னு என்னிக்காவது ஒருத்தன் கேட்டுடுவானோன்னு முப்பது வருஷமா பயந்துக்கிட்டிருக்கிற மனுஷன், எங்க போய் ஒளிஞ்சாலும் நீ வந்து நிக்கிறே, இனிமேலாவது அவரைத் துரத்தாம விடேன்."