முழங்கால் சொன்ன புயல்

அன்புள்ள மாப்பிள்ளை கிளாட்சனுக்கு, பாம்பனிலிருந்து உன் மச்சான் செபஸ்தியான் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அக்கா மிக்கேலம்மாளும் என் இடது முழங்காலும் நலம். வலது முழங்காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்பதால், இன்று திருப்பாலைக்குடிக்கு உன் வீட்டுக்கு வரும் மகள் ஹெலனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு நெடுநாளாக முடக்குவாதம். என் முழங்கால்கள் வீங்கினால் காற்று மாறும் என்று இங்கே வானிலை அறிக்கையைவிட என்னைத்தான் நம்புகிறார்கள், உனக்கே தெரியும். போன மாதம் வலையிலிருந்து மீனைக் கழற்றுகையில் கெளுத்தி முள் காலில் ஏறியது, பிடுங்கி எறிந்துவிட்டு மறந்தேன், அப்புறம் ஒருநாள் வலது முழங்கால் வீங்கிச் செக்கச்செவேலென்று சுட்டது, "ஏலே, பெரும்புயல் வருது, ஒருத்தனும் கடலுக்குப் போகாதீக" என்றேன், அவ்வளவுதான், அத்தனை வள்ளத்தையும் கரையேற்றிவிட்டார்கள். கடலோ தட்டில் ஊற்றிய பாலாக அசையாமல் கிடக்கிறது. ஊரே மணலில் உட்கார்ந்து அதையே பார்க்கிறது. நான் காய்ச்சலில் கட்டிலோடு மிதந்தேன் மாப்பிள்ளை! கொசுவலைக்குள் சாளை மீன் கூட்டம் புகுந்து என் முழங்காலை மெல்லச் சுற்றியது. கட்டில் பாலத்துக்கு அடியில் போகும்போது ரயிலிலிருந்து யாரோ கையசைத்தார்கள். அப்படியே போய்விடலாம் போலிருந்தது, பொய் சொல்வானேன். நான் மிதப்பதாக உளறியதைக் கேட்ட உன் அக்கா, கட்டிலைத் தன் முந்தானையால் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டாள்.

கட்டிவிட்டுத்தான் கேட்டாள்: "ஏங்க, எப்பவும் ரெண்டு முட்டியும்ல வீங்கும்? இதென்ன ஒத்தைக்கால் புயலு?" ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் போனாள். அங்கே டாக்டரம்மா நூர் நிஷா மூட்டில் ஊசி குத்திச் சீழை இழுத்துக் காட்டினார். "அய்யா, இது வாதம் இல்ல, கிருமி. வாதத்துக்குச் சாப்பிடுற மாத்திரை எதிர்ப்புச் சக்தியக் குறைச்சிரும். முள்ளு வழியா போன கிருமி மூட்டுல குடியேறிருச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காலு மட்டுமில்ல, ஆளே போயிருப்பீங்க" என்றார். மூட்டைக் கழுவி, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது. உன் அக்காவை விட்டுவிட்டு எங்கே போகப் பார்த்தேன் என்று நினைத்து அழுதேன்.

வீடு திரும்பியதும், என் முழங்காலுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று கோயில் வாசலில் நின்று ஊரறியச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் வள்ளத்துக்கு மாதா காவல்.

இப்படிக்கு,
உன் மச்சான் செபஸ்தியான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இடது முழங்கால் சுடத் தொடங்கிவிட்டது. வலது பேசாமல்தான் இருக்கிறது. ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது, உன் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இருந்தாலும் மாப்பிள்ளை, நாளைக்கு நீ வள்ளத்தை இறக்காதே.