அம்மாவைச் சாகவிடாத மச்சாள்

விமர்சனத்தை வரவேற்கிறேன் என்று சொல்லும் எழுத்தாளரை நம்பாதீர்கள். பந்திக்குக் கூப்பிட்டவுடன் "எனக்குப் பசியில்லை" என்பவர் மாதிரித்தான் அவரும். சபை மரியாதைக்குச் சொல்லுகிறார், அவ்வளவுதான்.

நானும் சொன்னேன். சும்மா வாயால் சொல்லவில்லை, என் புத்தக வெளியீட்டு அழைப்பிதழிலேயே அச்சடித்தேன்: 'காய்தல் உவத்தலற்ற விமர்சனங்களை அன்புடன் எதிர்பார்க்கிறேன்.' (அந்த வரி வேண்டாம் என்று என் மனுசன் படித்துப் படித்துச் சொன்னார். வங்கியில் வேலை செய்கிற மனுசனுக்கு இலக்கியம் என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.)

அந்த வரியை நான் முழு நம்பிக்கையோடுதான் அச்சடித்தேன். என் தொழிலே பிழை பிடிப்பது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடிழுத்து, 'கவனயீனம்', 'திரும்ப எழுதுக', 'இது விடையா, வினாவா?' என்றெல்லாம் எழுதுவேன். ஒரு பிள்ளையாவது என்னோடு கோபித்ததில்லை. ஆகவே பிழையை ஏற்றுக்கொள்வது உலகத்திலேயே சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன்.

விஷயம் என் முதல் சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழா. அதற்கு முன்னால் வதனி மச்சாளைச் சொல்ல வேண்டும். நான் பக்கத்து வளவு மாப்பிள்ளையைக் கட்டினவள். எனக்குச் சீதனமாக வந்த, அம்மாவும் எங்களோடு இருக்கிற வீட்டுக்கும் அவர் பிறந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்; மதிலில் ஒரு சின்னக் கேற். கேற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவருடைய அக்கா, என் வதனி மச்சாள். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை. வாசிக்காத புத்தகம் இல்லை; வாய்க்கு வந்த உண்மையை விழுங்கியதாகச் சரித்திரமும் இல்லை. கலியாணமான முதல் கிழமை என் மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "பிள்ளை, புளி கூடிப் போச்சு. மீன் பாவமெல்லே?" என்றவர். அன்றைக்குக் குசினிக்குள் நின்று அழுதேன். ஆனால் இன்றைக்கு எங்கள் சொந்தத்துக்குள் என் மீன் குழம்புக்கு ஒரு பேர் இருக்கிறதென்றால், அது அவர் போட்ட பிச்சை.

நான் கதை எழுதத் தொடங்கியபோது என் இரண்டு பிள்ளைகளையும் கேற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்ச் சோறு தீத்தினவரும் அவர்தான். என் கோழிக் கிறுக்கல் எழுத்தைக் கணினியில் அடித்துத் தந்தவரும் அவர்தான். அதனால் விழாவில் மதிப்பீட்டுரையை அவரே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

"வேண்டாமடி சுகந்தி," என்றார் மச்சாள். "எனக்குப் பொய் சொல்ல வராது."

"அதுக்குத்தான் மச்சாள் உங்களைக் கேக்கிறன். மற்ற எல்லாரும் புகழத்தான் வருவினம். நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கோ."

"பேந்து கோவிக்கக் கூடாது."

"ஐயோ மச்சாள், நான் கோவிக்கிற ஆளே?"

(அடுத்த அறையில் என் மனுசன் இருமியது கேட்டது. அதை அன்று நான் கவனத்தில் எடுக்கவில்லை. நான் உண்மை என்று கேட்டது வேறொன்றை. மற்றவர்கள் புகழ்ந்தது போதாது, இவள் அதற்கும் மேலே என்ற உண்மையை.)

நல்லூரில் ஒரு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை. முன்வரிசையில் என் அம்மா, காஞ்சிபுரச் சேலை சரசரக்க, பெண்ணைப் பெற்ற பெருமையோடு இருந்தார். மடிக்குள் ஒளித்து வைத்த கச்சான் கடலைச் சரையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கனடாவில் இருக்கும் தம்பி பார்க்கவென்று நேரலை வேறு. எங்கள் ஊர் வழக்கப்படி விளக்கேற்றி, வரவேற்று, வாழ்த்தி, முதற்பிரதி கொடுத்து, படம் பிடித்து முடிய ஒன்றரை மணித்தியாலம் போனது. தலைவர் என்னை 'ஈழத்துச் சிறுகதையின் புதிய விடிவெள்ளி' என்றார். என் பெயரை வசந்தி என்று சொன்னதிலிருந்து அவர் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் விடிவெள்ளி என்றதை நம்பினேன்.

பிறகு மச்சாள் எழும்பினார். நிறைய நேரம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்டால் எனக்கு ஒரு இடத்திலிருந்துதான் தெரியும். "ஆனால்" என்று ஒரு சொல் சொன்னாரே, அந்த இடத்திலிருந்து.

"ஆனால், ஒரேயொரு குறை. சுகந்தியின்ரை கதையளிலை அம்மாமார் பாவம். கதையை எப்பிடி முடிக்கிறதெண்டு தெரியாட்டி, அவ அம்மாவைச் சாக்காட்டிப் போடுவா. முதல் அம்மா இருமுவா. இருமினால் சரி, நாங்கள் வாய்க்கரிசியோடை நிக்க வேண்டியதுதான். கதையை முடிக்க எத்தனையோ வழி இருக்குப் பிள்ளை. அந்த மனிசியை விட்டுவிடு."

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, வீட்டுச் சிரிப்புத்தான். எல்லாரிலும் பலமாகச் சிரித்தது என்னைப் பெற்ற தாய். எனக்கு உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் பற்றி எரிந்தது.

அடுத்தது என் ஏற்புரை. ஏற்புரை என்றால் என்ன செய்ய வேண்டும்? கைகூப்பி, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, குறைகளைத் திருத்திக்கொள்வேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். எழுதி வைத்த நன்றியும் கையில் இருந்தது. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். புத்தகத்தைத் திறந்தேன்.

"ஒரு மரணத்தை எப்பிடி எழுதியிருக்கிறன் எண்டதைச் சபையே தீர்மானிக்கட்டும்," என்று என் மிகச் சிறந்த கதையின் கடைசிக் காட்சியை வாசிக்கத் தொடங்கினேன். (கேளுங்கள் இந்தக் கொடுமையை. திருத்த வேண்டிய பாகத்தை ஒலிபெருக்கியில் வாசித்துக் காட்டப் போகிறேன்.)

"அம்மா தோசைச் சட்டியை இறக்கி வைத்தாள். வெளியே மழை விட்டிருந்தது. அவள் மெல்ல..."

அடுத்த சொல் என்ன என்று அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சொல்லைத் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் மானம் விடவில்லை.

"...இருமினாள்."

பின்வரிசையில் யாரோ களுக் என்றார். நான் குரலை உயர்த்தினேன். நாலு வரி தள்ளி அம்மா மறுபடி இருமினாள். இந்த முறை ஒரு வரிசையே தோள் குலுங்கியது. ஆசிரியர்கள், என்னோடு வேலை செய்கிறவர்கள், நிகழ்ச்சி நிரலால் முகத்தை மூடிக்கொண்டார்கள். இனி நிறுத்தினால் தோல்வி. மூன்றாவது இருமலை நோக்கி நான் கம்பீரமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, என் அம்மாவுக்கு, அதாவது உயிரோடு முன்வரிசையில் இருந்த அசல் அம்மாவுக்கு, ஒரு கச்சான் தொண்டைக்குள் சிக்கியது.

இருமினார் பாருங்கள், அப்படி ஒரு இருமல். நான் எழுதிய அத்தனை இருமலும் அதற்கு முன்னால் தூசு.

"ஐயோ, மனிசியைக் காப்பாத்துங்கோ, கதை முடியப் போகுது!" என்று யாரோ கத்த, மண்டபம் வெடித்தது. தண்ணீர்ப் போத்தலோடு ஓடியவர் சிரிப்பில் பாதித் தண்ணீரைச் சேலையில் ஊற்றினார். கனடாத் தம்பி நேரலையின் கீழே 'அம்மா கவனம்' என்று எழுதியிருந்தான்.

அப்போதாவது நானும் சேர்ந்து சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அது இந்த ஊரின் மிக அழகான வெளியீட்டு விழாவாக இருந்திருக்கும். நான் என்ன செய்தேன்? ஒலிவாங்கியை இறுக்கிப் பிடித்து, மச்சாளைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்:

"இது விமர்சனம் இல்லை. எரிச்சல். ஒரு வரி எழுதத் தெரியாத ஆக்களின்ரை எரிச்சல்."

சிரிப்பு அப்படியே நின்றது. மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரை நேராக்கினார், திரும்ப நேராக்கினார். தலைவர் அவசரமாக எழும்பி வசந்திக்கு நன்றி சொன்னார்.

இனித்தான் பெரிய தண்டனை. எல்லாரும் வாடகைக்குப் பிடித்த ஒரே வானில் வந்தவர்கள், ஒரே வானில்தான் திரும்ப வேண்டும். மச்சாள் யன்னல் ஓரம், நான் அவருக்குப் பின்னால், விற்காத புத்தகப் பெட்டி என் காலடியில். "நிகழ்ச்சி நல்லாய் நடந்ததோ அக்கா?" என்று சாரதி சந்தோசமாகக் கேட்டார். எல்லாரும் யன்னலுக்கு வெளியே கோண்டாவிலைப் பார்த்தோம், பிறகு இணுவிலைப் பார்த்தோம். மருதனார்மடம் சந்தியில் வான் நின்றபோது அம்மாதான் வாய் திறந்தார்.

"அம்மாவைச் சாகவிடாதை எண்டு சபையிலை எழும்பிக் கேட்ட ஒரே சீவன் அவள். அவளையெல்லே நீ எரிச்சல் எண்டாய்."

அடுத்த நாள் மச்சாள் சண்டைக்கு வருவார் என்று எல்லா நியாயங்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தார். கையில் ஒரு பிடி முருங்கையிலை, முகத்தில் சிரிப்பு. "சுண்டு பிள்ளை, நல்ல இளசு," என்று தந்துவிட்டுப் போனார். அப்பாடா, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். (மடைச்சி.)

அன்றைக்குத் தொடங்கியது. முருங்கையிலைச் சுண்டல் கொடுத்தேன்: "நல்லாய் இருக்கு." கண்ணைக் குத்தும் கிளிப்பச்சையில் ஒரு சேலை வாங்கிக் காட்டினேன்: "நல்லாய் இருக்கு." எனக்குப் பயம் பிடித்தது. பரிசோதிக்கிற புத்தி விஞ்ஞான ஆசிரியைக்கு எங்கே போகும்? மீன் குழம்பை உப்பில்லாமல், புளியை மட்டும் அள்ளிக் கொட்டி வைத்துக் கொடுத்தேன். மச்சாள் ஒரு வாய் வைத்தார். கண் கலங்கியது. விழுங்கினார். "நல்லாய் இருக்கு," என்றார்.

"உங்கடை அக்கா என்னோடை கோவமில்லைத்தானே?" என்று மனுசனைக் கேட்டேன்.

"கோவமெண்டால் கத்தியிருப்பாவே," என்றார் அவர். "அவ இப்ப உன்னோடை கதைக்கேல்லை. விருந்தாளியோடை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா."

அதுதான் சுட்டது. பிழை சொல்ல ஒரு ஆள் வேண்டுமென்றால், அந்த ஆளுக்கு நம்மில் பாசம் வேண்டும், பயம் இருக்கக் கூடாது. இரண்டும் இருந்த ஒரே ஆளை நான் ஒலிவாங்கி வைத்துத் துரத்திவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து விழாவின் வீடியோ வந்தது. வெட்கத்தில் பார்க்காமல் வைத்திருந்ததைப் பிள்ளைகள் போட்டுவிட்டார்கள். மச்சாள் பேசுகிறார். பேசிக்கொண்டே இருக்கிறார். "இந்தப் பிள்ளைக்குக் காது இருக்கு. எங்கடை சனம் கதைக்கிறது அப்பிடியே இவவின்ரை எழுத்திலை கேக்குது. சமையல் வாற இடத்தை ரைப் பண்ணேக்கை எனக்குப் பசிச்சது. இவவை என்ரை தம்பி கட்டினது எங்கடை வீட்டுக்குக் கிடைச்ச புண்ணியம்." இவ்வளவும் எனக்கு முன்னால், ஐந்தடி தூரத்தில் இருந்து சொல்லியிருக்கிறார். ஒன்றுகூட என் காதில் ஏறவில்லை. 'ஆனால்' வந்து முன்னுக்குச் சொன்னதையெல்லாம் துடைத்துவிட்டது. மச்சாள் கதையைப் பற்றித்தான் பேசினார். நான்தான் என்னைப் பற்றி என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு முன்னால் ஓவென்று அழுதேன்.

அந்தக் கிழமை ஒரு புதுக் கதை எழுதினேன். அம்மா சாகாத கதை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மச்சாள் வாசித்து முடியும் வரைக்கும் எதிர்க் கதிரையில் இருந்தேன்.

"நல்லாய் இருக்கு," என்றார்.

"மச்சாள், உங்கடை காலிலை விழுறன். ஒரு பிழை சொல்லுங்கோ."

"ஏன்? பேந்து மேடையிலை ஏறி எரிச்சல் எண்டு சொல்லவோ?"

சொல்லிவிட்டார். இவ்வளவு நாளும் சிரித்துக்கொண்டிருந்த முகம் கோணியது.

"நீ கோவிச்சது எனக்குப் பெரிசில்லை. கோவிக்காட்டி நீ சுகந்தியே? எரிச்சல் எண்டாய். உன்ரை ஒவ்வொரு கதையும் முடியேக்கை, நான் எழுதின மாதிரிச் சந்தோசப்பட்டனான். என்னைப் போய் எப்பிடியடி அப்பிடிச் சொல்ல உனக்கு வாய் வந்தது?"

"பிழை மச்சாள். பெரிய பிழை. எரிச்சல் எனக்குத்தான். நீங்கள் சொல்லேக்கையே சரியெண்டு தெரிஞ்சுது. அதுதான் வயிறு எரிஞ்சுது."

மச்சாள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"குடு உந்தக் கதையை. பேனையையும் எடு."

கடுதாசிகளைப் பிரட்டினார்.

"அம்மாவைச் சாகவிடேல்லை. சந்தோசம். ஆனால்..."

அந்த 'ஆனால்' என் காதில் தேனாக விழுந்தது. சாமி கும்பிடுகிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

"ஆனால், இந்த அப்பா ஏன் மூண்டாம் பக்கத்திலை இருமுறார்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அது தூசி இருமல் மச்சாள்! அவர் நெல்லுத் தூத்துறார்!"

மச்சாள் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட. கேற்றுக்குப் பின்னால் ஒட்டுக் கேட்டுக்கொண்டு நின்ற அம்மாவும் சிரித்தார். நான் கோபத்தோடு எழும்பி வீட்டுக்குப் போய், இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த இருமலை வெட்டினேன். அப்பா பிழைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இப்போது 'தூசி இருமல்' நோயின் பெயரில்லை. மகன் கணிதத்தில் புள்ளி குறைந்து, "ரீச்சர் அதைப் படிப்பிக்கேல்லை" என்று தொடங்கினால், மகள் "தூசி இருமல்" என்பாள். மனுசன் கார் ஓட்டிச் சுவரில் உரசிவிட்டுச் சுவரில் குற்றம் சொன்னால் நான் சொல்லுவேன். ஆனால் அதிகம் வாங்கிக் கட்டுவது நான்தான். இந்தக் கட்டுரையையும் மச்சாளிடம் வாசிக்கக் கொடுத்தேன். "எல்லாம் சரி, கடைசிப் பந்தி கொஞ்சம் நீளம்," என்றார். அது நீளமில்லை, விஷயத்துக்கு அவ்வளவு தேவை, யோசித்துத்தான் எழுதினேன் என்று நான் விளக்கத் தொடங்கவும், மதிலுக்கு எங்கள் பக்கமிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "தூசி இருமல்!"