நாத்தனாருக்குப் பதில் மாம்பழக் கலர்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் நாத்தனார் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது ஜாதகமும் இல்லை, அடுத்த தெருக்காரர்களின் பொறாமையும் இல்லை. நான்தான். அதுவும் கெட்ட எண்ணத்தில் இல்லை, தொழில் பக்தியில்.

ஆரணியில் எங்களுக்குப் பட்டுப் புடவை வியாபாரம். கீழே தறி, மாடி அறையில் விற்பனை. கொரோனா வந்து ஊரடங்கு போட்டதும், போளூர், சேத்துப்பட்டு பக்கமிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க பஸ் ஏறி வருகிறவர்கள் அப்படியே நின்றுபோனார்கள். என் வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து பார்ப்பார், பெருமூச்சு விடுவார், மூடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் நான் போனை அரிசி டிரம் மேல் சாய்த்து வைத்து லைவ் போனேன். முதல் நாள் பார்த்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் என் அம்மா வீட்டு ஆட்கள். நான் விடவில்லையே! ஒரே மாதத்தில் அலமாரி காலி. ("உன் வாய்க்கு இப்பதான் சரியான வேலை கெடச்சுது" என்றார் வீட்டுக்காரர். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.)

அப்புறம் கொரோனா போனது. மாஸ்க் போனது. வாசலில் வைத்திருந்த சோப்பும் வாளியும் போயின. லைவ் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் மதியம் மூன்று மணியானால் நான் போன் முன்னால் நிற்கிறேன். பெங்களூரில் ஒரு அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டே "கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்று கமெண்ட் போடுவார். நான் பார்டரைக் கேமராவுக்குள் திணிப்பேன், முந்தியை விரிப்பேன், பின்பக்கம் திருப்பி எங்கேயும் நூல் தொங்கவில்லை என்று காட்டுவேன். தூக்கத்தில் எழுப்பினாலும் என் கை இதைத் தப்பில்லாமல் செய்யும்.

பெண் பார்ப்பதும் இப்படித்தான் மாறிப்போனது. முன்பெல்லாம் பதினைந்து பேர் வேன் வைத்து வந்து, கேசரி பஜ்ஜியை முடித்து, "ஊருக்குப் போய் சொல்றோம்" என்று கிளம்புவார்கள். (சொல்லவே மாட்டார்கள்.) இப்போது முதல் சுற்று வீடியோ காலில். பிடித்தால்தான் வேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நாத்தனார் கவிதாவுக்கு வந்தவாசியிலிருந்து ஒரு வரன் வந்தது. கவிதா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதற்கு முன் கைகூடி வந்த ஒரு சம்பந்தம், "கொரோனா முடியட்டும்" என்று தள்ளித் தள்ளியே நழுவிப் போயிருந்தது. அதிலிருந்து என் மாமியாருக்குச் சரியான தூக்கமில்லை. இந்த மாப்பிள்ளை பிரகாஷுக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை, ஆனால் கொரோனாவில் வீட்டுக்கு அனுப்பியவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லையாம், வீட்டிலிருந்தே வேலை. போட்டோவைப் பார்த்துவிட்டுக் கவிதா என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள்: "அண்ணி, இவரப் பாத்தா நல்லவரா தெரியுது." அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோ கால். போனைப் பிடிக்க என்னை விட்டால் யார்? ஸ்டாண்டும் விளக்கும் என்னுடையவை, அனுபவம் என்னுடையது.

வீட்டுக்காரர் முன்கூட்டியே எச்சரித்தார். "தோ பாரு, நீ போனைப் புடிச்சிகினு நின்னா போதும். வாயத் தொறக்காத."

கால் வந்தது. அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். இந்தப் பக்கம் அரக்குப் புடவையில் கவிதா. வணக்கம் சொல்லி முடிந்ததும் அந்த அம்மா கேட்டார்: "பொண்ண கொஞ்சம் கிட்ட காட்டும்மா."

அவ்வளவுதான். கேமரா நேராகப் பார்டருக்குப் போய்விட்டது.

"நல்லா பாத்துக்கோங்கம்மா, உடம்பு அரக்கு, பார்டர் கிளிப்பச்சை. கவிதா, திரும்பு. இது முந்தி. பின்பக்கமும் பாருங்க, ஒரு நூல் தொங்காது!"

வீட்டுக்காரர் என் இடுப்பில் இடித்தார். விளக்கை நகர்த்தச் சொல்கிறார் என்று நினைத்து நகர்த்தினேன். அப்போதும் பிழைத்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "இதே டிசைன்ல மாம்பழக் கலர் இருக்கா?"

இல்லை என்று சொல்லிப் பழக்கமே இல்லாத வாய் இது. அதைவிடக் கொடுமை, மாடிக்கு ஓடிப்போய்ப் புடவைகளை அள்ளிக்கொண்டு வந்தது என் மாமியார்! அவரும் வியாபாரக் குடும்பம்தானே. ஒவ்வொன்றாகக் கவிதாவின் தோளில் போட்டுக் காட்டினேன். நான்காவது புடவையில் அவள் முகமே மறைந்துபோனது. மாப்பிள்ளை எழுந்து போனதை நான் கவனிக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, "நான் புடிச்சிருக்குன்னு சொன்ன மூணையும் பார்சல் போட்டுடும்மா" என்று சொல்லி அந்த அம்மா போனை வைத்தார்.

"அத்தை, மூணு போயிடுச்சு!" என்று வெற்றியோடு திரும்பினேன்.

கவிதா புடவைகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டாள். "நான் இன்னா கடை பொம்மையா அண்ணி? அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எழுந்து போயிட்டாரு." கண்ணில் தண்ணீர் நின்றது. என் வாழ்க்கையில் எந்த விற்பனைக்கும் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஆசைப்பட்டதை என்னிடம் மட்டும் சொன்ன பெண்ணுக்கு நானே குறுக்கே நின்றிருக்கிறேன்.

மாலையில் அந்த அம்மா பார்சலுக்கு முகவரி சொல்லக் கூப்பிட்டார். கடைசியில், "பையன்தாம்மா தயங்கறான். பொண்ணுக்கு இஷ்டமில்ல, அதான் புடவையக் காட்டியே பேச்ச மாத்திட்டாங்கன்றான்" என்றார். நான் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் பிளவுஸ் துணி தனியா, சேர்ந்தே வருமா என்று கேட்டார்.

அன்று எங்கள் வீட்டில் உருப்படியாக யோசித்தவள் கவிதா ஒருத்திதான்.

"பார்சல் போடாதீங்க அண்ணி. நாமளே எடுத்துகினு போலாம்."

மாமியார் பதறினார். "பொண்ணு போய் மாப்பிள்ளையப் பாக்கறதா? ஊரு இன்னா பேசும்?"

"டெலிவரி குடுக்கப் போனாங்கன்னு சொல்லு. ஊரு ஆர்டர் குடுக்கும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு வந்தவாசி பஸ் ஏறினாள். கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை. காதில் ஹெட்செட், உள்ளே ஆபீஸ் மீட்டிங். கவிதாவைப் பார்த்ததும் ஹெட்செட்டைக் கழற்றினார்.

கவிதா சுற்றி வளைக்கவில்லை. "நேத்து ஏன் பாதியில எழுந்து போயிட்டீங்க?"

"உங்க முகத்த ஒரு நிமிஷந்தான் பாத்தேன். மிச்சமெல்லாம் முந்திதான் தெரிஞ்சது. எனக்குப் புடவை பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. நான் கணக்கு டீச்சர்."

அவர் சிரித்துவிட்டார். நான் பார்சலை நீட்டி, ஜரிகையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். கவிதா என் காலை நன்றாக மிதித்தாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மீட்டிங் பாட்டுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்தது.

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வீடியோ கால் வந்தாலும், முதலில் என்னை வேறு வீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனை எடுக்கிறார்கள்.

மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்லை. மூன்று மணி லைவில் ஏதோ ஒரு பெயரில் நுழைந்து, "புடவை போதும், பொண்ணைக் காட்டுங்க" என்று கமெண்ட் போடுவார். போன மாதம் கோயம்புத்தூர் கஸ்டமர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெண்கள் வர்ற இடத்துல இன்னா பேச்சு இது? முதல்ல இந்த ஆளைத் தூக்குங்க" என்கிற பொருளில் வரிசையாக எழுதினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கஸ்டமர் சொன்னால் சொன்னதுதான். யோசிக்காமல் பிளாக் செய்துவிட்டு அடுத்த புடவையைப் பிரித்தேன்.

சாயந்திரம் கவிதா போன் செய்தாள்.

"ஏன் அண்ணி, எங்க வீட்டுக்காரர இன்னும் எத்தினி வாட்டிதான் தொரத்துவீங்க?"