‘கூடாது’ மேல் தொங்கிய பை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுவது. இங்கு நாங்கள் நலம். மகளும் பேத்தியும் நலமா? உங்கள் நலத்தை நான் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன கேடு?

போன மாதம் சிநேகிதர்கள் புடைசூழ வந்தீர்கள், தூண்டில் போட்டீர்கள், தின்றீர்கள், காரேறிப் போய்விட்டீர்கள். நீங்கள் போன கையோடு கடலுக்குப் போகிற சந்தில் இரும்புக் கதவு முளைத்துவிட்டது. தெருக்காரர்கள் மனுக்கொடுத்து வைத்த கதவு. சாவி சந்து முனையில் இருக்கிற பல் டாக்டர் கையில். அவர் வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே அது பொதுவழி மாப்பிள்ளை! நானும் சலவைக்காரரும் பஸ் டிரைவரும் எத்தனை காலமாக அதில் தூண்டிலோடு போய் வருகிறோம்? இரைக்குக் கொண்டுபோன இறாலின் தோலைக்கூடப் பொட்டலம் கட்டித் திருப்பிக் கொண்டுவருவோம். யாராவது எங்களை ஏன் என்று கேட்டதுண்டா? இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அலைச்சத்தம் கேட்டுவிட்டு வருகிறேன். சுற்றுவழியில் நடக்க என் முட்டி சம்மதிக்கவில்லை.

எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் நடந்தது ஒன்றுகூட மறக்காது. சந்துச் சுவரில் இருந்த பலகையைக் காட்டி, “என்ன மாப்பிள்ளை போட்டிருக்கு?” என்று கேட்டேன். நீங்கள் இறால் பையை அந்தப் பலகையின் ஓரத்து ஆணியிலேயே மாட்டிவிட்டு, “வண்டி நிறுத்த, மீன் கழிவு கொட்டன்னு போட்டிருக்கு மாமா. நல்ல ஏற்பாடு” என்றீர்கள். பைக்குப் பின்னால் ‘கூடாது’ இருந்திருக்கிறது! ‘கொட்டக்’ என்று கடைசியில் ஒரு ‘க்’ நீட்டிக்கொண்டிருந்ததாமே, மருமகள் சொல்கிறாள். படித்த மனிதர், அந்த ‘க்’ எதற்கு என்று யோசிக்கக் கூடாதா?

உடனே காரை டாக்டர் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, மீன் குடலை அவர் சுவரோரம் கொட்டி, ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் பந்தி வைத்தீர்கள். சந்திலேயே தூண்டில் வீசிப் பழகி, மாடியில் காய்ந்த அவருடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு படம் வேறு எடுத்தீர்கள்! பூனையை விரட்ட வெறுங்காலோடு வந்த டாக்டர், நீங்கள் போட்டுவிட்டுப் போன தூண்டில் முள்ளை மிதித்தார். ஊரையே வாயைத் திற என்கிறவர் அன்றைக்குத் தானே திறந்தார். கடற்கரைவரை கேட்டது. “யாரோ பாடுறாங்க மாமா” என்றீர்கள். நீங்கள் ஒரு ________ மனிதர். (நான் சொன்ன வார்த்தையை எழுத மருமகள் மறுத்துவிட்டாள்.)

டாக்டரிடம் போய்க் கெஞ்சினேன். “உங்க மேல கோபமில்ல பெரியவரே. ஆனா தூண்டிலப் பாத்தாலே குதிகால் வலிக்குது. அந்த ஆளு வந்து மன்னிப்புக் கேக்கட்டும், கதவ எல்லாருக்கும் திறந்துவிடறேன்” என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து சேருங்கள். கடல் யார் வீட்டுச் சொத்து? மன்னிப்புக் கேட்டுவிட்டு நூறு வருஷம் நன்றாக இருங்கள். உங்கள் வீட்டிலேயே இருங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: இதைச் சொல்லும்போது நான் போட்ட சத்தம் டாக்டர் வீடுவரை கேட்டதாம். மனமிளகி, எனக்கு மட்டும் ஒரு சாவி கொடுத்துவிட்டார். இன்று காலை கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. கூடை நிறைந்துவிட்டது. திரும்பும்போது கதவுக்கு வெளியே டிரைவரும் சலவைக்காரரும், “உங்க மாப்பிள்ளை எப்பண்ணே வருவாரு?” என்றார்கள். “அவருக்கு ரொம்ப வேலை, பாவம்” என்றேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மன்னிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது? மேலே கோடு போட்ட இடத்தில் ‘தங்கமான’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.