கேன் காலியானால் வருவாள்

இனிமேல் நிறையத் தண்ணீர் குடிப்பது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானம் செய்தேன். சாதாரணத் தீர்மானம் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எனக்கு நானே அறிவித்த தீர்மானம். கேட்பதற்கு வேறு ஆள் இல்லாததால்தான் கண்ணாடி.

உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் பேச்சுத் துணைக்காக. தண்ணீருக்கும் பேச்சுத் துணைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். என்னை யாராவது எதையாவது கேட்டு ரொம்ப நாளாயிற்று.

நான் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். பதில் சொல்வதுதான் வேலை. எந்த பஸ் எங்கே நிற்கும், எப்போது கிளம்பும், கழிப்பறை எந்தப் பக்கம், கோபித்துக்கொண்ட மனைவி ஏறிப் போன பஸ் எங்கே போகிறது என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். மூச்சுவிட நேரம் இருக்காது. ஆளை விட்டால் போதும் என்று தினமும் புலம்புவேன். ஒரு நாள் கழுத்தில் மாலை போட்டு, கைதட்டி, ஆளை விட்டுவிட்டார்கள். அதிலிருந்து என் வாய்க்குச் சாப்பிடுவதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை.

மனைவி இல்லையா என்பீர்கள். இருக்கிறாள். ஹாலில் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற சமயம் பார்த்து அவளுடைய தையல் தொழில் சூடு பிடித்துவிட்டது. ஹாலில் இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேஜை, தலையில்லாத ஒரு பொம்மை, காஜா எடுத்து பட்டன் தைக்க ஒரு அம்மாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று ஊரில் யாரெல்லாம் ஒரே மாதிரி உடுத்துகிறார்களோ அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சீருடை. மிஷின் சத்தத்தில் நான் கூப்பிடுவது அவளுக்குக் கேட்காது. கேட்டாலும், "இந்த ஓரத்தை முடிச்சுட்டு வரேங்க" என்பாள். ஒரு சட்டைக்கு இவ்வளவு ஓரம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

என் அறை பின்பக்கம். குளியலறை, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே. வெளியே வரக் காரணமே இல்லாத அறை. மத்தியானத்தில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர்ப் பக்கம் திருப்புவேன். அதுதான் அன்றைய விசேஷம். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே ஒருவன் இப்படித் தனியாகிப் போவானா என்று அந்தச் சுவரைக் கேட்பேன்.

மாடியில் குடியிருக்கும் ஜிம் மாஸ்டர் ஒரு நாள் படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். நான்தான் அவரைப் பிடித்தேன் என்பது அவர் கட்சி.

"முகம் வாடியிருக்கே சார். தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஐயையோ, அந்தப் பழக்கமே கிடையாது."

"பச்சைத் தண்ணியச் சொல்றேன் சார். நிறைய குடிக்கணும். முகத்துல ஒரு பளபளப்பு வரும். நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க."

"பாத்துட்டுப் பேசுவாங்களா?"

மாஸ்டருக்கு மேலே ஏதோ அவசர வேலை இருந்தது. இரண்டு இரண்டு படியாக ஏறிவிட்டார்.

ஆனால் எனக்குப் பொறி தட்டியது. தண்ணீர் இருப்பது சமையலறையில். சமையலறைக்குப் போக ஹாலைக் கடக்க வேண்டும். ஹாலைக் கடந்தால் அவள். தாகம் என்று வருகிறவனை எதற்கு வந்தாய் என்று எந்தச் சட்டமும் கேட்க முடியாது. கண்ணாடி முன்னால் தீர்மானம் நிறைவேறியது அப்போதுதான்.

டம்ளரோடு புறப்பட்டேன்.

"என்னங்க?"

"தண்ணி."

"பெரிய கேன்ல இருக்கு பாருங்க."

முழுசாக ஒரு வாக்கியம்! குடித்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். உட்கார்ந்தேன். உடனே எழுந்தேன்.

"மறுபடியுமா?"

"தாகம்."

"ஏங்க, காலையில உப்பு அதிகமாப் போட்டுட்டேனா?"

கேள்வி! என்னைப் பார்த்து ஒரு கேள்வி! ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்த நாளெல்லாம் திரும்பி வந்தது. "உப்பு சரியாத்தான் இருந்துது. போன வாரம்தான் லேசா கூடிப்போச்சு. அதுக்கு முந்தின வாரம் என்னாச்சுன்னா..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

பரவாயில்லை. அன்று முழுக்கப் போனேன், வந்தேன். டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் நடிக்க வழியில்லை. காஜா அம்மாளுக்கு ஊசிக் காது தெரிகிற கண். என் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே பட்டன் தைப்பாள்.

"அக்கா, சாருக்குத் தாகம் நாக்குலயா, கண்ணுலயா?"

"ஏன்டி?"

"குடிக்கும்போதெல்லாம் உங்களையே பாக்கறாரே."

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பேசாவிட்டாலும் என்னைப் பற்றிப் பேசினார்களே.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. ஒரு காலை என் மனைவி, குழாய் வைத்த சின்ன கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கேனை அதன்மேல் வைத்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள்.

"பாவம், தண்ணிக்காக எத்தனை தடவைதான் நடப்பீங்க? இனிமே எழுந்திரிக்கவே வேண்டாம்."

அவள் கண்ணில் அவ்வளவு அக்கறை. இதைவிட அன்பாக ஒருவனை நாடு கடத்த முடியாது.

கேனும் நானுமாக உட்கார்ந்திருந்தோம். குழாய் லேசாகச் சொட்டியது. அந்த அறையில் என்னோடு பேசியது அது ஒன்றுதான். வேறு வேலை இல்லாமல் குடித்தேன். மறு நாள் கேன் தீர்ந்துபோயிற்று. "கேன் காலி!" என்று கத்தினேன். காஜா அம்மாள் காதில் விழுந்து, அவள் சொல்லி, என் மனைவி வந்தாள். நிரப்பிய கேனை ஸ்டூலில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கியதால், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்!

"அப்பாடா. முட்டி விட்டுப்போச்சுங்க."

"உக்காரு, உக்காரு."

"அந்த ஹெட்மாஸ்டரம்மா பாக்கெட்டை வலது பக்கம் வைக்கணும்னு இப்ப சொல்லுது. அத்தனை சட்டையையும் பிரிக்கணும்."

"சட்டையைத் திருப்பிப் போட்டுக்கச் சொல்லேன்."

சிரித்துவிட்டாள். நான் சொன்னதற்கு அவள் சிரித்து எத்தனை காலம்! பிறகு எழுந்து போய்விட்டாள். அவள் போனதும் அறை முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

ஆக, கேன் காலியானால் அவள் வருவாள். என் திட்டம் இப்போது வாசல் வழியாக இல்லை, வயிறு வழியாக.

குடிப்பானேன், கொட்டிவிடலாமே என்பீர்கள். கொட்டினேன். குளியலறைத் தண்ணீர் வெளியேறுகிற இடத்தில்தான் காஜா அம்மாள் மத்தியானம் சாப்பிட உட்காருவாள் என்பது எனக்குத் தெரியாது. "அக்கா, சார் நல்ல தண்ணிய என் கால்ல ஊத்தறாரு!" என்று ஊரைக் கூட்டினாள். காசு கொடுத்து வாங்குகிற தண்ணீர் என்று வசவு விழுந்தது. வசவும் பேச்சுதான் என்றாலும் தினமும் அதை வாங்கிக்கொள்ள முடியாதே.

அப்புறம் ஓட்டல் ஆர்டர் வந்தது. கையில் துணி, காலில் மிஷின், வாயில் "இதோ முடிஞ்சுது" என்று அவள் ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கேனோ நிறைய இருந்தது. குழாயைத் திறந்தேன். தாகம் இல்லை. குடித்தேன். வயிறு முட்டியது. குடித்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று கேனைச் சாய்த்துப் பிடித்துக் குடித்தேன். தலை பாறாங்கல்லாகக் கனத்தது. கை வேறு யாருடையதோபோல் இருந்தது. கேன் காலி என்று கூப்பிட்டேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மீதிக் கதை காஜா அம்மாள் சொன்னது. அதில் பாதி பொய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். காலிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேனாம். தலையில்லாத பொம்மை முன்னால் நின்று, "அந்த பஸ் போயிடுச்சு சார். அடுத்தது அரை மணியில. அங்க போய் நில்லுங்க" என்றேனாம். பொம்மை நகரவில்லை. "பின்னாடி எவ்வளவு பேர் நிக்கிறாங்க, சொன்னா நகருங்க சார்!" என்று அதை அதட்டினேனாம்.

எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். மிஷின் நின்றது. என் மனைவி என் இரண்டு தோளையும் பிடித்து, "என்னங்க, என்னைப் பாருங்க, நான் யாரு சொல்லுங்க" என்று அழுதுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "என்னம்மா ஆச்சு?"

"தண்ணி அதிகமாயிடுச்சு டாக்டர்."

"எத்தனை வருஷமா இந்தப் பழக்கம்?"

"கொஞ்ச நாளாத்தான்."

"என்ன சரக்கு?"

"கேன் தண்ணி."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது உப்பு சரிந்து கிடந்தது.

"சிறுநீரகம் ஒரு நேரத்துல இவ்வளவுதான் வெளியேத்தும்னு அளவு இருக்கும்மா. அதுக்கு மேல மடமடன்னு குடிச்சா ரத்தத்துல உப்பு நீர்த்துப்போகும். மூளையே வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், அப்புறம் வலிப்பு. இன்னும் தாமதமாயிருந்தா உயிருக்கே ஆபத்து."

"தண்ணியாலயா டாக்டர்?"

"தண்ணியாலதான். தாகம் எடுத்தாக் குடிக்கணும். எடுக்கலைன்னா வம்படியாக் குடிக்கக் கூடாது. இவருக்கு நான் சொல்ற வரைக்கும் அளந்து குடுங்க." என் பக்கம் திரும்பினார். "எதுக்கு சார் இவ்வளவு குடிச்சீங்க?"

மனைவி பக்கத்தில் நின்றாள். "முகத்துல பளபளப்பு வரும்னாங்க" என்றேன்.

உற்றுப் பார்த்தார். "வரலையே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஓட்டல் ஆர்டரை அப்படியே போட்டுவிட்டு அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் துணி இல்லை, ஊசி இல்லை. அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நிஜத்தைச் சொல்லுங்க. எதுக்குக் குடிச்சீங்க?"

எவ்வளவோ பதில் சொன்னவன். இதற்கும் உள்ளதைச் சொன்னேன். "கேன் காலியானா நீ வருவே."

அவள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டேன். மிஷின் ஓடிக்கிட்டிருந்துது."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "வீட்டுக்கு வாங்க. உங்க நாற்காலிய என் மிஷின் பக்கத்துலயே போடறேன். நாள் முழுக்க நாம ஒண்ணா இருக்கலாம்."

ஜெயித்துவிட்டேன்! வீடு திரும்பும் வழியெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். பல வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது.

சொன்னபடி மறு நாள் காலையில் ஹாலில் நாற்காலி போட்டிருந்தாள். ராஜா மாதிரி உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்தேன்.

"வாயைத் திறங்க" என்றாள்.

மருந்தாக்கும் என்று திறந்தேன்.

"மெதுவா மூடுங்க. உதட்டால மட்டும் பிடிச்சுக்குங்க."

உதடுகளுக்கு நடுவே குளிர்ச்சியாக ஏதோ வரிசை கட்டி நின்றது. குண்டூசிகள்.

"ஓட்டல்காரங்க பேன்ட்டு எல்லாத்துக்கும் கால் மடிக்கணும். நான் கை நீட்டினா ஒண்ணு எடுத்துக் குடுங்க. கீழ விழுந்தா யார் கால்லயாவது குத்தும். விழுங்கினீங்கன்னா மறுபடி ஆஸ்பத்திரி."

"ம்ம்?"

"பேசாதீங்க. டாக்டர் தண்ணியக் குறைக்கச் சொல்லியிருக்காரு இல்ல? வாயில ஊசி இருந்தாத் தண்ணி ஞாபகமே வராது."

காஜா அம்மாள் பட்டன் டப்பாவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு குலுங்கினாள்.

மடித்துக்கொண்டே என் மனைவி பேச ஆரம்பித்தாள். ஹெட்மாஸ்டரம்மாவைப் பற்றி, முட்டி வலியைப் பற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு மாற்றுத் துணி எடுக்க வந்தபோது நான் இல்லாத வீட்டுக்குள் நுழைய அவளுக்கு எப்படிப் பயமாக இருந்தது என்பதைப் பற்றி. ஒவ்வொன்றின் முடிவிலும், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஊசி தீரட்டும் என்று காத்திருந்தேன். தீர்ந்ததும் வாயைத் திறந்தேன். அடுத்த வரிசையைச் செருகினாள்.

"இப்ப சந்தோஷந்தானே?" என்றாள்.

தலையை ஆட்டினேன், ஒரு ஊசிகூட விழாமல்.