சலவை அறையில் பென்சீன் சாமியார்

ஏப்ரல் வந்தால் ஒஹாயோவிலுள்ள அந்தக் கல்லூரி விடுதியின் நிலவறையில் இரண்டு விஷயங்கள் பொங்கி வழியும். ஒன்று, பழைய வாஷிங் மெஷின். இன்னொன்று, அந்த மெஷினை ஒட்டிப் பென்சீன் லைலைப் பார்க்க நிற்கும் கூட்டம்.

அடுத்த ஆண்டுப் பாடங்களைப் பதிவு செய்யும் வாரம் அது. டாக்டராகியே தீருவது என்று வந்திருக்கும் பிள்ளைகளுக்கு மற்றதெல்லாம் பாடம். கரிம வேதியியல் மட்டும் கண்டம். தாண்டினால் வெள்ளைக் கோட்டு. தாண்டாவிட்டால் அப்பாவின் கடை. அந்தக் கண்டத்துக்குள் எப்போது கால் வைப்பது? செப்டம்பரில் என்றால் இயற்பியலோடு மோதும். ஜனவரி என்றால் மருத்துவ நுழைவுத் தேர்வோடு முட்டும். கோடையில் என்றால் எட்டு வாரத்தில் யானையை முழுங்க வேண்டும்.

இதைப் பேசித் தீர்க்கத்தான் கல்லூரி சம்பளம் கொடுத்து ஆலோசகர்களை வைத்திருந்தது. அவர்கள் மாடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைய மருத்துவ உலகம் முழுவதும் நிலவறையில், சோப்புத் தூள் வாசனையில், வரிசையில் நின்றது.

லைல் பிரிட்சர்ட் நான்கு வருடப் படிப்பை ஆறாவது வருடமாகப் படித்துக்கொண்டிருப்பவன். தாடி உண்டு, தணிந்த குரல் உண்டு. சாமியாராவதற்கு வேறென்ன வேண்டும்? துணி மடிக்கும் மேசையில் மூன்று அட்டைகளை முக்கோணமாக வைத்திருப்பான்: செப்டம்பர், ஜனவரி, கோடை. நடுவில், தன் விரலிலிருந்து மீன் பிடிக்கும் நரம்பில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைத் தொங்கவிடுவான்; வகுப்பில் காட்டும் பென்சீன் மூலக்கூறின் மாதிரி. ஆறு கறுப்பு உருண்டைகள். அது கரிம வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே மாணவனின் வளையமாம். அவன் இப்போது சிகாகோவில் இதய அறுவை செய்கிறானாம். எந்த மருத்துவமனையில் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் வளையம் கோபித்துக்கொண்டால்?

அந்த வியாழக்கிழமை வரிசையில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு ஒருவன் நின்றான். எம்மெட் லாண்டிஸ். கல்லூரிச் சந்தேகவாதிகள் சங்கத்தின் செயலாளர்! மாணவர் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த ராசிபலனை எதிர்த்துக் கையெழுத்து வாங்கி, அதை நிறுத்தவைத்த வீரன். ஜோசியம் பார்க்கும் அத்தையை விருந்தில் எல்லார் முன்னாலும் அழவைத்த புண்ணியவான்.

அவனுக்கு இது இரண்டாவது தரிசனம். செவ்வாய்க்கிழமையே வந்து போனான். வளையம் கோடை அட்டைப் பக்கம் ஆடியது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டு, இந்தக் கோடையில் வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டான். அப்பா கூரை போடுபவர். ஜூனில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். மகன் வந்து ஏணி ஏறுவான் என்று நம்பி மூன்று வீடுகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். "சரிப்பா, படிப்புதான் முக்கியம்" என்று மட்டும் சொன்னார். அந்தச் 'சரிப்பா' இரண்டு நாளாக எம்மெட்டைத் தூங்கவிடவில்லை. அதனால் மறுபடி கேட்க வந்தான். எந்தச் சோதனையையும் இருமுறை செய்து பார்ப்பதுதானே அறிவியல் முறை? மனிதன் முட்டாளாகும்போதுகூட முறைப்படிதான் ஆனான்.

"செயலாளரே, உள்பனியன் துவைக்க வந்தீங்களா?"

எம்மெட் திரும்பினான். பின்னால் துணிக்கூடையோடு மார்லா கின்சி நின்றாள். முதல் வருட வேதியியல் ஆய்வகத்தில் அவனுக்குக் கூட்டாளி. அவனை முழுசாகத் தெரிந்தவள்.

"நான்... இவனை அம்பலப்படுத்தலாம்னு வேவு பார்க்க வந்தேன்."

"கையில அஞ்சு டாலரை மடிச்சு வச்சுக்கிட்டா?"

"டிக்கெட் வாங்காம எப்படி வேவு பாக்குறது?"

"எப்ப எடுக்குறதுன்னு நீயே யோசிக்க மாட்டியாடா?"

"யோசிச்சா பயமா இருக்கு மார்லா. முதல் வருஷ கெமிஸ்ட்ரில நான் எடுத்த மார்க் உனக்கே தெரியும். இதுல ஊத்திக்கிச்சுன்னா டாக்டர் கனவு அவ்வளவுதான். வேற யாராவது சொல்லிட்டா, தப்பானாலும் என் தப்பு இல்லல்ல?"

மார்லா சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு அவன் கூடவே மேசை வரைக்கும் வந்தாள்.

லைல் கண்ணை மூடித் திறந்தான். "கை என்னது. ஆட்டம் என்னது இல்ல. மூலக்கூறுதான் பேசுது." வளையம் மெல்ல அசைந்தது. பிறகு கோடை அட்டையை நோக்கி ஜோராக ஆடியது. கூட்டம் "ஓ!" என்றது. எம்மெட்டும் "ஓ!" என்றான். செயலாளரின் 'ஓ'தான் சற்று நீளமாக இருந்தது.

"லைல், ஒரு சந்தேகம்" என்றாள் மார்லா. "மூலக்கூறுதானே பேசுது? அப்போ உன் கண்ணுக்கு அட்டை தெரியணும்னு அவசியம் இல்லல்ல?"

"அவசியமே இல்ல. எல்லாம் அதிர்வு."

"அட்டையைக் கவர்ல போட்டாலும் அதிர்வு வருமா?"

"செங்கல்சுவரையே தாண்டும்மா!"

வாயால் கெட்டான் சாமியார். யாரோ கவர்கள் எடுத்து வந்தார்கள். மார்லா அட்டைகளைத் தூக்கிக்கொண்டு துணி உலர்த்தும் மெஷின்களுக்குப் பின்னால் போய், ஒட்டி, குலுக்கி, எது எது என்று தனக்கே தெரியாமல் ஆக்கிக்கொண்டு வந்தாள். மூன்று வெள்ளைக் கவர்கள் மேசையில் உட்கார்ந்தன.

"அதே எம்மெட். அதே கேள்வி."

வளையம் தயங்கியது. வட்டம் போட்டது. லைலின் நெற்றி வேர்த்தது. கடைசியில் இடதுபக்கக் கவரை நோக்கி ஆடியது.

"இதுவா?"

"இதேதான். வலுவான அதிர்வு."

எம்மெட்டே பிரித்தான். உள்ளே இருந்தது பீட்சாக் கடைக் கூப்பன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

"கோடை அட்டையை எடுத்துட்டு இதை வச்சேன்" என்றாள் மார்லா. "கோடைன்னு ஒரு கவரே இங்க இல்ல. மூலக்கூறுக்குத் தெரிஞ்சிருந்தா, 'இல்லை'ன்னு சும்மா நின்னிருக்கும்."

அறை சிரிப்பில் குலுங்கியது. ஆனால் பக்தி அவ்வளவு லேசில் சாகுமா? "ஏய், நீ நம்பாம பக்கத்துல நின்னே பாரு, அதான் அதிர்வு கெட்டுப்போச்சு" என்றாள் ஒருத்தி. அவள் மரபியலில் முதல் மாணவி!

"சரி, நம்புறவன்கிட்டயே குடுப்போம்" என்று மார்லா நரம்பை எம்மெட்டின் விரலில் மாட்டினாள். மூன்று அட்டைகளையும் வெளியே எடுத்து வைத்தாள். "கையை அசைக்காத. மனசுல மட்டும் ஜனவரின்னு நினை."

வளையம் ஜனவரிப் பக்கம் ஆடியது.

"நான் ஆட்டலை! சத்தியமா நான் ஆட்டலை!"

"இப்போ செப்டம்பர்னு நினை."

வளையம் கீழ்ப்படிதலோடு திரும்பிச் செப்டம்பருக்குப் போனது. எம்மெட் தன் கையை யாரோ கழற்றி மாட்டியதுபோல் பார்த்தான்.

"நீதான் ஆட்டுற. உனக்கே தெரியாம" என்றாள் மார்லா. "நினைக்கிற பக்கம் விரல் துளியூண்டு அசையும். நரம்பு நீளமா இருக்கிறதால கீழ பெருசா தெரியும். இது ரொம்பப் பழைய வித்தை."

"அப்போ லைலுக்கும் அவனுக்கே தெரியாமதான் ஆடுதா?" எம்மெட் அப்போதும் சாமியாருக்கு ஒரு சந்து விட்டுப் பார்த்தான்.

மார்லா கூட்டத்தைப் பார்த்தாள். "இந்த வாரம் யார் யாருக்குக் கோடைன்னு வந்தது?" ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. "கோடை வகுப்புக்குன்னு லைல் விக்கிற நோட்ஸை யார் யார் வாங்கினீங்க?" உயர்ந்த கைகள் இறங்கவே இல்லை. எம்மெட்டின் கையும் மேலேதான் இருந்தது. அந்த நோட்ஸைப் பிரித்துப் படித்துவிட்டு 'எவ்வளவு தெளிவு!' என்று வியந்தவனும் அவன்தான்.

"அது சரி, லைல் எந்தப் பருவத்துல ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுத்தான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்கூட ஜனவரியில எடுத்தானே!"

"இல்லப்பா, அவன் என்கூடக் கோடையில இருந்தான்."

"செப்டம்பர்ல எனக்கு முன்னாடி பெஞ்ச்லதான்யா தூங்குவான்!"

மூன்று பருவங்களிலும் எடுத்து, மூன்றிலும் பாரபட்சமில்லாமல் ஃபெயிலானவன். அவனிடம்தான் நாளைய டாக்டர்கள் நல்ல நேரம் கேட்டிருந்தார்கள். லைல் வளையத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு படியேறினான். "எனக்கும் அதுதான்டா கோடைன்னு சொல்லுச்சு" என்று போகிற போக்கில் முனகினான். அதைக் கேட்டுச் சிரிக்க யாராலும் முடியவில்லை.

கூட்டம் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. அப்படியே திரும்பி மார்லாவின் முன்னால் வரிசை கட்டியது.

"மார்லா, நீயே சொல்லேன். நாங்க எப்ப எடுக்கட்டும்?"

வரிசையின் முதல் ஆள் யார் என்று சொல்லவும் வேண்டுமா? நம் செயலாளர்தான்.

"டேய், நீ என்னைக் கேட்டா அதுவும் பென்சீன்தான்டா!" என்று மார்லா கூடையைத் தூக்கிக்கொண்டாள். "மேல போய் புரொபசரைப் பாரு. கேள்வி கேப்பாரு. பதில் சொல்லு."

எம்மெட் மறுநாள் மாடி ஏறினான். பேராசிரியர் ஹைன்லி எந்த அட்டையும் எடுக்கவில்லை. "அமிலம், காரம் சரியாத் தெரியுமா?" என்றார். "தெரியாது சார்." "கூட வேற என்ன பாடம் எடுக்குறே?" சொன்னான். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்?" யோசித்துச் சொன்னான். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். மூன்றாவது கேள்வியிலேயே விடை எம்மெட்டுக்குத் தெரிந்துவிட்டது. வளையம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தான்.

"அப்பா, கோடையில வர்றேன். சாயங்காலம் அமிலம் காரம் படிச்சுக்கிறேன். ஆர்கானிக்கை செப்டம்பர்ல எடுக்குறேன், பிசிக்ஸைத் தள்ளி வச்சுட்டேன்."

"அன்னைக்கு வேற மாதிரி சொன்னியேப்பா. அதை யார் சொன்னது?"

ஒரு பிளாஸ்டிக் பொம்மை என்று எப்படிச் சொல்வான்? "ஒரு சீனியர்ப்பா."

"கெட்டிக்காரனா?"

"ரொம்ப அனுபவசாலி" என்றான் எம்மெட்.

கோடை முழுக்கக் கூரைமேல் வெந்தான். செப்டம்பரில் வகுப்பில் உட்கார்ந்தான். முதல் தேர்வில் அடி வாங்கினான், மார்லாவிடம் திட்டு வாங்கினான், ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று படித்தான். டிசம்பரில் 'பி' கிரேடு வந்தது. வானத்திலிருந்து பூ எதுவும் விழவில்லை. ஆனால் அந்த மார்க்கை அவனால் யாருக்கும் கைகாட்டாமல் தனதென்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

மார்க் ஒட்டிய பலகை முன்னால் ஒரு முதல் வருடப் பெண் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க செப்டம்பர்ல எடுத்துத்தானே பாஸ் பண்ணீங்க? அப்போ செப்டம்பர்தான் ராசியா?"

"ராசியெல்லாம் இல்லம்மா. உட்கார்ந்து படிச்சேன்."

அவள் முகம் தொங்கிப்போனது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றான் எம்மெட். "இது இலவசமாக் கிடைக்குது பாரு, அதான் இங்க வரிசையே இல்ல."