இருபத்தொரு மாம்பழம்

ஒரு காட்டில், சிங்கத்தைவிடச் சுற்றறிக்கைக்கு அதிகம் பயப்படுகிற ஒரு காட்டில், பச்சைக்கிளி ஒருவர் பள்ளி நடத்திவந்தார். ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது: 'இனி வாய்ப்பாட்டை உருப்போடக் கூடாது. பிள்ளைகள் கணக்கைப் புரிந்து படிக்க வேண்டும்.'

கிளி வாத்தியார் கெட்டிக்காரர். மறுநாள் காலையே, "உருப்போட மாட்டோம்! புரிந்து படிப்போம்!" என்று பிள்ளைகளைப் பத்துத் தடவை சொல்ல வைத்தார். மூன்றே நாளில் எல்லாருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

மரிக்கொழுந்து என்ற அணிலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவள் மகள் தவனத்துக்கு வாய்ப்பாடு நாக்கில் நிற்காது. இரண்டாம் வகுப்பிலேயே இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவையும் தவறினால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஆனால் கணக்கு அவளுக்கு வரும். பெற்றவளுக்குத் தெரியாதா?

சோதிக்க வந்தவர் நாரை அதிகாரி. "மூவேழு எத்தனை? எப்படின்னு விளக்கு, பார்க்கலாம்."

தவனம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "என் முதுகுல மூணு கோடு இருக்குங்க ஐயா. என்னை மாதிரி ஏழு பேர் வரிசையா நின்னா இருபத்தொண்ணு."

மரிக்கொழுந்துக்குப் பெருமையில் வால் சிலிர்த்தது.

நாரை விடைக்குறிப்பைப் புரட்டினார். "ஏழு கூடை, கூடைக்கு மூணு மாம்பழம்னு போட்டிருக்கு. மாம்பழம் எங்கே?"

"மாம்பழம் இல்லைங்க ஐயா, கோடுதான்."

"அப்போ உனக்குப் புரியலை," என்று சுழி போட்டுவிட்டார்.

கிளி வாத்தியார் மரிக்கொழுந்தை ஓரமாக அழைத்தார். "நாளைக்கு மறுதேர்வு இருக்கும்மா. இந்த நோட்ஸ்ல இருக்கிற புரிதலை நல்லா உருப்போட வச்சிடுங்க."

அன்று சாயங்காலம் முழுக்க அணில் வீட்டில் மாம்பழப் பாட்டுதான். "கூடையில ஒரு பழம் அழுகிட்டா என்னம்மா செய்யறது?" என்று தவனம் கேட்டாள்.

"இப்படி யோசிச்சுத்தான் ஃபெயிலானே. நோட்ஸைப் படி!" சொல்லிவிட்டாளே தவிர, மரிக்கொழுந்துக்கு மனசு கசந்தது. நூறு தடவை சொன்ன பிறகு மாம்பழம் நாக்கில் ஒட்டியது.

மறுநாள் தவனம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். நூற்றுக்கு நூறு. 'புரிந்து படித்த பிள்ளை' என்று சான்றிதழும் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் மரிக்கொழுந்து ஆசையாகக் கேட்டாள்: "ஏன் தங்கம், ஏழு அணில் வரிசையா நின்னா எத்தனை கோடு?"

தவனம் நின்று யோசித்தாள். "அணில் கணக்கு எங்களுக்கு நடத்தலையேம்மா."

மரிக்கொழுந்து வீட்டுக்குப் போய், சான்றிதழை மாட்ட ஆணி தேடினாள்.

நீதி: பிள்ளைகள் எதையும் புரிந்துதான் படிக்க வேண்டும், எப்படிப் புரிந்துகொள்வது என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.